வயிறு கீறிய மீன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போனால் நாரைகளைவிட ஆண்பிள்ளைகள்தான் அதிகமாகக் கண்ணில் படுவார்கள். வாரம் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். அன்றைக்கு மட்டும் ஏதோ போர்முனைக்குப் போகிற மாதிரி பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான சட்டை, முழங்காலுக்குக் கீழே இரண்டு பை வைத்த கால்சட்டை, வெயிலே வராத நேரத்தில் தொப்பி. முக்காலியை விரித்து, கை நீள லென்ஸை அதன்மேல் ஏற்றி, வரிசையாக நின்றுகொள்வார்கள். ஒரு நாரை சலிப்பில் காலை மாற்றி வைத்தால் போதும், இருபது கேமராக்களும் தையல் மெஷின் மாதிரி படபடவென்று அடித்துத் தள்ளும். அது இந்தக் கூத்து தாங்காமல் பறந்துவிட்டால் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு, யார் லென்ஸ் என்ன விலை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். பறவையைப் பற்றி ஒரு பேச்சு வராது. அது எதைத் தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது, குஞ்சு எத்தனை நாளில் பறக்கும், எதுவும் அவர்களுக்கு வேண்டாம். படம் ஷார்ப்பாக வந்தால் ஜென்மம் கடைத்தேறியது.

இவர்களுக்கு நூறடி தள்ளி, மதகுத் திட்டின்மேல் ஒரு பழைய பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் சட்டை செய்வதில்லை. தங்களில் ஒருவரான சர்வேயரின் மனைவி, கூடத் துணைக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவளும் அவர்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் நினைத்ததில்லை. "பீரங்கிப் படை" என்று மனசுக்குள் பெயர் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணுவது. எண்ணுவது என்றால் உத்தேசமாகச் சொல்வதல்ல. ஒன்றைக் கூட்டி எழுதினாலும் குறைத்து எழுதினாலும் யாரோ ஒருவருக்கு வேண்டாத மருந்து ஏறும். அங்கே கழித்துப்போட்ட, விரலால் அழுத்தி எண்ணுகிற ஒரு கவுண்டரைக் கொண்டுவந்துதான் ஒன்பது வருஷமாக ஏரியில் நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கிழக்குப் பக்கத்து நாணல் காட்டுக்குள் செந்நாரைகள் கூடு கட்டும். கூடு வெளியே தெரியாது. தாயோ தகப்பனோ இரை கொண்டுவந்து எந்த இடத்தில் இறங்குகிறது என்று மணிக்கணக்கில் பார்த்து, நோட்டில் போட்டு வைத்த வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று வாரம் புள்ளி விழுந்தால்தான் கூடு என்று எழுதுவாள். முதல் வருஷம் மூன்று கூடு. இந்த வருஷம் பதினான்கு. எல்லாம் ஒன்பது நீள நோட்டுகளில் இருந்தது.

அந்த நோட்டுகளுக்கு இந்த வருஷம் திடீரென்று மவுசு வந்தது. கிழக்கு நாணலை வெட்டி எடுத்துவிட்டுப் படகுத்துறை கட்டப்போகிறார்களாம். தொடர்ந்து ஐந்து வருஷம் பறவை கூடு கட்டியதற்கு ஆதாரம் இருந்தால் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் ஆதாரத்தோடு விசாரணைக்கு வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஊரில் அந்த ஆதாரம் இருந்தது அவளிடம் மட்டும்தான்.

"நீ தனியா போய் நின்னா எவன் மதிப்பான்? சங்கம் பேர்ல குடுப்போம்" என்றார் சர்வேயர். சங்கம் என்றால் அந்தப் பீரங்கிப் படைதான். அவளுக்கு நாலு பேர் முன்னால் பேசுவது என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சரி என்றாள்.

சர்வேயர் அவள் கணவர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, எது இப்போது பட்ட அடி, எது பழைய அடி என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பவர். கீறலுக்குள் ஒரு பொட்டுத் துரு இருந்தால் போதும், "இது போன வருஷத்துக் கீறல், என் காதுல பூ சுத்தாதீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கார் விஷயத்தில் அப்பேர்ப்பட்ட கண். மற்ற விஷயத்தில் அந்தக் கண்ணை வீட்டு அலமாரியில் கழற்றி வைத்துவிடுவார் போல. மீன் பிடிக்கும், ஆனால் முள் எடுத்துத் தட்டில் வைத்தால்தான் சாப்பிடுவார். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்றைக்கும் முள் எடுப்பது அவள்தான்.

சங்கம் வருஷாவருஷம் நடத்துகிற புகைப்படக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள், அவளுக்குக் காலை டூட்டி இருந்த நாளாகப் பார்த்து, சர்வேயர் தனியாக ஏரிக்குப் போனார். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோதே மனிதர் தலைகால் புரியாமல் இருந்தார்.

"பையைக் கீழ வை. இங்க வா. வந்து பாரு."

கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரு சாம்பல் நாரை. கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது, அலகிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அலகுக்குக் குறுக்கே ஒரு மீன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்து ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் பொன் பூசியிருந்தது. நல்ல படம்தான், அதை அவளும் மறுக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம். அசையாம உக்காந்திருந்தேன். கொசு புடுங்கி எடுத்துடுச்சு. கடைசியில முங்கி எடுத்துச்சு பாரு, ஒரே கொத்து!"

அவள் மீனைப் பார்த்தாள். முதுகில் நெளிநெளியாகக் கருநீலக் கோடு. கானாங்கெளுத்தி. கடல் மீன். கடல் அங்கிருந்து ரயிலில் ஒரு ராத்திரி தூரம். அடுத்து கண்ணைப் பார்த்தாள். பால் பூத்து வெளுத்திருந்தது. ஐஸில் இரண்டு நாளாவது கிடந்த மீன். அப்புறம்தான் வயிறு. கேமரா பக்கம் திரும்பியிருந்த வயிற்றில், செவுளிலிருந்து வால்வரை நேர்க்கோடாக ஒரு கீறல். உள்ளே ஒன்றும் இல்லை. மீன்கடைக்காரர் சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்றார் சர்வேயர்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? அவ்வளவுதானா? உனக்கு இதோட அருமை தெரியாது."

மறுநாள் காய்கறி எடுக்கக் கார் டிக்கியைத் திறந்தபோது மீன் வாடை முகத்தில் அடித்தது. ஓரத்தில் காணாமல்போன அவளுடைய அலுமினியத் தட்டு, செதில் ஒட்டிய செய்தித்தாளில் சுற்றி இருந்தது. தட்டைத் தண்ணீரில் ஒரு சாண் ஆழத்தில் மூழ்கவைத்து, மீனை அதில் போட்டுவிட்டு, கொசுக்கடியில் தியானம் இருந்திருக்கிறார். நாரைக்கு என்ன, சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? கடைக்காரரிடம் மீன் கேட்டிருப்பார். அவர் எல்லோருக்கும் செய்கிற மாதிரி வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக் கொடுத்திருப்பார். முழுசா இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும் என்பதுகூட இவருக்குத் தெரிந்திருக்காது. மீன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அந்தப் படத்தை வெளிய காட்டாதீங்க, மீன் வயிறு கீறியிருக்கு" என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்துச் சர்வேயர் போனில் சங்கத் தலைவரிடம் கொசுக்கடிக் கதையை மூன்றாம் தடவையாக அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் இப்போது நாலு மணி நேரமாகியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரி, போகட்டும். கண்காட்சியில் எவனாவது ஒருத்தன் பார்ப்பான். நாலு பேர் முன்னால் மூக்கு உடைபடட்டும். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. தட்டைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தாள்.

கண்காட்சியும் வந்தது. வாடகை மண்டபம், வெள்ளைத் துணி போர்த்திய பலகைகள், பேப்பர் கப்பில் ஆறிய காபி. நடுநாயகமாக மூன்றடிக்கு நாலடி அளவில் அந்தப் படம். கீழே பெயர்ப்பலகை: "விடியலின் வேட்டைக்காரன்". பெரிதாக்கியதில் வயிற்றுக் கீறல் விரல் அகலத்துக்குத் தெரிந்தது. குருடனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவள் ஒரு நாற்காலியை எதிர்ச் சுவரோரம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

சங்கத் தலைவர், ஊரில் பல் பிடுங்குகிற டாக்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன் நின்றார். "கண்ணுல அந்த ஒளியைப் பாருங்க" என்றார். எல்லோரும் நாரையின் கண்ணைப் பார்த்தார்கள். சிமெண்ட் ஏஜென்ட் ஒருவர் மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்கு நெருங்கிப்போய், "ஒவ்வொரு இறகும் தனித்தனியா தெரியுது சார், என்ன ஷார்ப்னெஸ்!" என்று உருகினார். அவர் மூக்குக்கு நாலு விரற்கடை தள்ளித்தான் அந்த வெறும் வயிறு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவள் நாத்தனார் பட்டுப்புடவையில் வந்து, "எங்க தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே பொறுமை ஜாஸ்தி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் இவளிடம் வந்தாள்.

"நீ ஏன் உம்முனு உக்காந்திருக்கே? புருஷன் சாதிச்சா முகத்துல ஒரு சந்தோஷம் வேணாமா?"

"சந்தோஷமாத்தான் இருக்கேன் அண்ணி."

பொய் இல்லை, அப்போதுவரை சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் காலையிலிருந்து மாலைவரை முந்நூறு பேர் வந்து போனார்கள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட மீனைப் பார்க்கவில்லை. முதல் பரிசுக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சர்வேயர் காரில் ஏறினார். இவர்களுக்கெல்லாம் கண் எதற்கு, இரண்டு பொத்தான் தைத்துவிட்டிருந்தால் போதாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

விசாரணை வியாழக்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் சர்வேயர் அச்சடித்து பைண்டு பண்ணின மனுவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அட்டை முழுக்க அதே படம்.

"இதை எதுக்கு அட்டையில போட்டீங்க? செந்நாரை கூட இல்லையே இது."

"அட, யாருக்கு அதெல்லாம் தெரியப்போகுது? பாத்ததும் மனசுல ஒட்டணும். பரிசு வாங்கின படம்."

அவள் அட்டையைத் திருப்பினாள். உள்ளே அவளுடைய ஒன்பது வருஷம் அழகாக அட்டவணை போட்டு இருந்தது. முதல் பக்கத்தில் "தொகுப்பு" என்று கொட்டை எழுத்தில் சர்வேயர் பெயர். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், "உதவி: அவர் மனைவி".

"என் பேரு?"

"அதான் போட்டிருக்கே. சங்கத்துல உன்னைத் தெரியாதவங்க யாரு?"

அந்த நொடியில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. பதினான்கு கூடும் அந்த அட்டைக்குள்தான் இருக்கிறது என்றும் தெரிந்தது. ஆனாலும் "உதவி"யைப் படித்த பிறகு அந்த மனிதருக்கு உதவ வாய் வரவில்லை. மனசு தனக்குத் தோதாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது: ஆபீஸ்காரர்கள் படத்தையா பார்க்கப்போகிறார்கள்? முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள், எத்தனை பிரதி என்று கேட்பார்கள். முந்நூறு பேர் பார்க்காத மீனை மூன்று பேர் பார்த்துவிடுவார்களாக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் சர்வேயர் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை மனசு உறுத்தியது. "என்னங்க, அந்தப் படம்..." என்று ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நீ ஒண்ணும் பேச வேணாம். உனக்குப் பேச வராது. நோட்டை மட்டும் எடுத்துட்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர், டையைச் சரி செய்துகொண்டே.

பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு பொறியாளர், இன்னொரு ஓரத்தில் எழுத்தர், நடுவில் ஓய்வுபெறும் வயதில் ஒரு கனத்த அம்மாள். கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர்தான் தலைவர். எதிர்ப்பக்கம் படகு கான்ட்ராக்டர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். சர்வேயர் கால்மணி நேரம் வெளுத்து வாங்கினார். இயற்கை, வருங்காலத் தலைமுறை, நாலு மணி நேரக் கொசுக்கடி எல்லாம் வந்தது. கூடுகளைப் பற்றி ஒரு நிமிஷம் வந்தது.

தலைவரம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைக் கையில் எடுத்தார். அட்டையைத் திருப்பவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம ஏரியில எடுத்ததா?"

"ஆமா மேடம். வடக்குக் கரை."

"மீனும் நம்ம ஏரி மீனா?"

சர்வேயர் சிரித்தார். "பின்ன? நாரை கடைக்குப் போயா மீன் வாங்கும் மேடம்?"

பல் டாக்டரும் சேர்ந்து சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல வாரத்துல மூணு நாள் மீன் சார். முப்பது வருஷமா நான்தான் கழுவறேன். இது கானாங்கெளுத்தி, கடல்ல கிடைக்கறது. சரி, அது எப்படியோ நீந்தியே வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம்." படத்தில் விரலை வைத்தார். "வயித்தைக் கீறிக் குடலை எடுத்தது யாரு? நாரையா?"

எழுத்தர் எட்டிப் பார்த்தார். பொறியாளர் எட்டிப் பார்த்தார். கான்ட்ராக்டர் போனை வைத்துவிட்டு எழுந்தே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அடக்கமாட்டாமல் சிரித்தார். சர்வேயர் முகத்தில் ஈயாடவில்லை. பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது அவர் தனிப்பட்ட முறையில எடுத்த படம் மேடம், சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். நாலு நாளைக்கு முன்னால் அந்தப் படத்துக்குக் கோப்பை கொடுத்த அதே வாய்.

அவள் மூன்று வாரமாகக் காத்திருந்த காட்சி இதுதான். மூக்கு உடைந்தது, அதுவும் அறை நிறைய ஆட்கள் முன்னால் உடைந்தது. ஆனால் ருசிக்க ஒன்றும் இல்லை. அம்மாள் மனுவை ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது, இருந்தாலும் பேசினாள். "மேடம், படம் வேற, கணக்கு வேற. கணக்கு நான் எழுதினது. ஒன்பது வருஷம். நோட்டு இருக்கு, பாருங்க. ஒவ்வொரு கூடும்..."

"நீங்க யாரும்மா?"

"அவர் மனைவி."

அம்மாள் முதல் பக்கத்தைப் பார்த்தார். "உதவின்னு போட்டிருக்கு."

"உதவி இல்ல மேடம். எண்ணினது முழுக்க நான்தான். லேப்ல அதான் என் வேலை. ஒண்ணுகூடத் தப்பா எழுத மாட்டேன்."

அம்மாள் நோட்டை வாங்கிப் புரட்டினார். புள்ளிகளைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சற்று இளகியது போலத்தான் இருந்தது. பிறகு நோட்டை மூடாமல் நிமிர்ந்து கேட்டார்.

"இவ்வளவு நுணுக்கமா பாக்கறீங்க. இந்தப் படத்தை இதுக்கு முன்னாடி பாத்தீங்களா?"

கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு உடனே புரிந்தது. பார்த்தேன், கவனிக்கவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் மூக்குக்கு முன்னால் இருக்கிற மீனைக் கவனிக்காதவள், இருநூறு அடி தள்ளி நாணலுக்குள் மறைந்திருக்கும் கூட்டை எப்படி எண்ணினாள்? கவனித்தேன் என்றால், பொய் என்று தெரிந்தே ஆதாரத்தோடு சேர்த்துக் கொடுத்தவள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. அடைத்தது சர்வேயர் இல்லை.

"பாத்தேன். எடுத்த அன்னைக்கே தெரியும்" என்றாள்.

சர்வேயர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சும் அட்டையில போட விட்டீங்க" என்றார் அம்மாள். அதட்டவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். "நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பினா போதாது. நாளைக்கு மேல இடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஒரு மீனைக் கடையில வாங்கிப் போட்டவங்க, பதினாலு கூட்டை மட்டும் நெஜமா எழுதியிருக்காங்கன்னா?" நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். எழுத்தரிடம், "ஆதாரம் ஏற்பதற்கில்லைன்னு எழுதிக்கோங்க" என்றார்.

வெளியே வராந்தாவில் பல் டாக்டர் இவர்களைத் தெரியாதவர் போலப் படியிறங்கிப் போனார். சர்வேயர் தூணோரம் நின்றார். டை கோணலாக இருந்தது. அவரை வறுத்தெடுக்க அவளிடம் இருபத்திரண்டு வருஷத்துச் சரக்கு இருந்தது. அவள் நோட்டுகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?" என்றார் அவர்.

"ம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற படம் போட்டிருப்பேனே. கூட்டுப் படம் எவ்வளவோ இருக்கே."

"பேச வேணாம்னு சொன்னீங்க."

"அது நேத்து. மூணு வாரம் இருந்துச்சே?" சர்வேயர் குரலை உயர்த்தவில்லை. கார் கீறலைப் பார்த்துக் கேள்வி கேட்கிற அதே நிதானம். "நான் முட்டாள், எனக்குத் தெரியல. பொய்தான் பண்ணினேன், ஒரு கப்புக்காக. நீ எதுக்காக சும்மா இருந்தே?"

பதில் இருந்தது, வெளியே எடுத்துக் காட்டுகிற மாதிரி இல்லை. வேடிக்கை பார்க்க. அதற்காகத்தான் சும்மா இருந்தாள்.

எழுத்தர் கோப்புகளோடு வெளியே வந்தார். சர்வேயர்தான் அவரை நிறுத்தி, நாணலை எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டார்.

"ஒண்ணாந்தேதி மெஷின் வருது சார்."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். எட்டாவது கூட்டில் முட்டை பொரிந்து பதினோரு நாள் ஆகிறது. மூன்றாவதில் இருபது. எல்லாவற்றிலும் மூத்தது மதகுக்கு நேராக இருக்கிற கூடு, அதில் முப்பத்தோரு நாள். செந்நாரைக் குஞ்சு பறக்க நாற்பத்தைந்து நாளாவது வேண்டும். இரைக்காக நாணலுக்கு மேல் தலை நீட்டும்போது அவள் எண்ணியதில், பதினான்கு கூட்டில் மொத்தம் முப்பத்தெட்டுக் குஞ்சுகள், அதில் ஒன்றுகூட அன்றைக்குப் பறக்காது. இதைப் பிசகில்லாமல் சொல்லக்கூடியவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

"சார்" என்று எழுத்தரைக் கூப்பிட்டாள். அவர் திரும்பினார்; அவள் யார் என்று அடையாளம் தெரிந்ததும் உதட்டோரம் சிரிப்பை மறைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார். முப்பத்தெட்டு என்று அவள் சொன்னால் அதுவும் இனி கடையில் வாங்கிய மீன்தான்; நோட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.